மழை சொல்கிறவர் வந்த நாள்

ஒரே பெயர்க்காரர்கள் – அத்தியாயம் பதினான்கு

போன வாரம் கண்ணாடிக் கடைக்காரர் மகள் பெரியவளைக் கையில் போனோடு நிற்கவைத்துவிட்டு வந்துவிட்டோம். "உங்க விளம்பரத்தைப் பேப்பர்ல பார்த்தேன். எங்களுக்கு அந்தப் பேர் இல்ல. ஆனாலும் ஒரு தடவை நேர்ல வரலாமா?" என்று ஒரு பெண்குரல் கேட்டது. நீங்கள் யார் என்று இவள் கேட்டதற்கு, அந்தக் குரல் தன் கணவனின் குடும்பப் பெயரைச் சொன்னது. அது அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர்.

அம்மா கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் வந்த அன்றைக்கே கழற்றி வைத்த பெயர் அது. அதற்கப்புறம் அதை இங்கே யாரும் உச்சரித்ததில்லை. மாமன்கள் வழியில் யாரோ தூரத்துச் சொந்தமாக இருக்கும் என்று பெரியவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை வாங்க என்று சொல்லிவிட்டாள். போனை வைத்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமைதானே மழை சொல்கிறவர் வருகிறார்.

மழை சொல்கிறவரை உங்களுக்கும் தெரிந்திருக்கும். டிவியில் செய்தி முடிந்ததும் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, வரைபடத்தின் முன்னால் நின்று, நாளைக்குக் குடை வேண்டுமா வேண்டாமா என்று சொல்வாரே, அவரேதான். அவருக்கும் இந்தக் கண்ணாடிக் கடைக்காரர் குடும்பத்துக்கும் ஒரே ஒரு சம்பந்தம், இரண்டு பேருக்கும் ஒரே குடும்பப் பெயர். தெருவுக்குத் தெரு காணக் கிடைக்கிற பெயரில்லை அது. அப்பாவுக்கு அது போதும். அவர் மழை வரும் என்று சொன்னால், வெயில் கொளுத்தினாலும் அப்பா குடையோடுதான் கிளம்புவார்.

அப்படிச் சேர்த்த ஆட்கள் நிறைய. அதே பெயரில் ஒரு நீதிபதி, ஒரு கப்பல் கேப்டன், ஒரு பாடகி, மலையேறப் போய்ப் பாதியில் திரும்பிய ஒருவர், ஒரு போட்டியிலும் ஜெயிக்காத குத்துச்சண்டைக்காரர். "மேடை ஏறினான் இல்ல? அது போதும்," என்பது அப்பாவின் கட்சி. அதே பெயரில் ஊரை ஏமாற்றிப் பெயர் வாங்கிய ஒருவரும் உண்டு. அவர் வேறு கிளை என்று அப்பா ஒரே போடாகப் போட்டுவிட்டார். இவர்கள் எல்லாரையும் சேர்த்து ஒரு புத்தகம் போட வேண்டும், யாருக்கு யார் என்ன உறவு என்று வேர் வரைக்கும் போய்ப் பார்க்க வேண்டும். சில வருஷங்களாக அவருக்கு மூச்சும் பேச்சும் அதுதான். அந்தப் பேர்க்காரர்கள் போனில் கூப்பிடச் சொல்லிப் பேப்பரில் விளம்பரமும் கொடுத்திருந்தார்.

முன்னறைச் சுவர் முழுக்க அவர்களுடைய படங்கள், ஒவ்வொன்றுக்கும் அப்பா தன் கையால் வெட்டிப் போட்ட கண்ணாடி. அதில் ஒருவராவது இந்த வீட்டு வாசற்படியை மிதித்ததில்லை. இந்த வீட்டில் பிறந்து வளர்ந்த, பெரியவளின் தம்பி சின்னவனின் படம் மட்டும் அந்தச் சுவரில் கிடையாது.

சின்னவன் கதை பழைய வாசகர்களுக்கு மனப்பாடம். கடை வண்டியைக் கண்மண் தெரியாமல் ஓட்டிக்கொண்டு போய்க் கவிழ்த்தான். ரோட்டைக் கடந்துகொண்டிருந்த ஒருவருக்குக் கால் போனது. மறுநாள் பேப்பரில் படம் வந்தது, ரோடெல்லாம் கண்ணாடித் தூள், நடுவில் சக்கரம் மேலே பார்க்க வண்டி, வண்டியின் பக்கத்தில் பெரிய எழுத்தில் குடும்பப் பெயர். அப்பா அந்தப் பேப்பரை அவன் முகத்தில் வீசி எறிந்தார். "இந்தப் பேர இனிமே நீ போட்டுக்காத. வேற என்ன பேர வேணா வச்சுக்கோ," என்றார். அன்று ராத்திரி போனவன்தான்.

*

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்தே அப்பாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, சுவரில் இருந்த படங்களை ஒவ்வொன்றாக இறக்கிப் பழைய பேப்பரால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் தொடைச்சா தேஞ்சு போயிடும்ப்பா," என்றாள் பெரியவள்.

"கண்ணாடிக் கடைக்காரன் வீட்டுல படத்து மேல மங்கல் இருந்தா அவர் என்ன நினைப்பார்?"

"மேகமூட்டம்னு நினைப்பார்," என்றாள் அம்மா, கப்புகளை அடுக்கியபடி.

அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெரியவளிடம் மட்டும் ரகசியம் மாதிரிச் சொன்னார். "அவரோட அப்பா, தாத்தா பேரெல்லாம் கேட்டு வாங்கணும். எனக்கென்னவோ எங்க பெரியப்பா வழியில வந்து சேரும்னு தோணுது. மூக்கைப் பார்த்தியா? எங்க ஆளுங்க மூக்கு."

பெரியவள் சிரித்தாள். அப்பாவின் இந்தப் பைத்தியத்தை அவள் எப்போதும் கிண்டல்தான் செய்வாள். ஆனால் அவர் முகத்தில் இவ்வளவு வெளிச்சத்தைப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது, அதனால் இன்றைக்கு வாயை அடக்கிக்கொண்டாள்.

மழை சொல்கிறவர் சொன்ன நேரத்துக்கு வந்து இறங்கினார். டிவியில் பார்ப்பதைவிடக் குள்ளம், நிறையக் கூச்சம். அப்பா வாயெல்லாம் பல்லாக அவரை உள்ளே அழைத்துக்கொண்டு போனார். பெரியவள் முன்பக்கம் கடையில் இருந்துகொண்டாள். அந்தப் பெண் வந்தால் அப்பா கண்ணில் படாமல் பேசி அனுப்பிவிடலாம் என்பது அவள் கணக்கு.

லீவு நாள் என்பதால் ஷட்டரைப் பாதிதான் தூக்கி விட்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஷட்டருக்கு வெளியே இரண்டு செருப்புக் கால்கள் வந்து நின்றன. குனிந்து உள்ளே வருவதற்கு அந்தக் கால்கள் தயங்கின. பெரியவள் போய் ஷட்டரை மேலே தள்ளியதும் காரணம் தெரிந்தது. வந்தவளுக்கு மாசம் அதிகம். இருபத்தாறு, இருபத்தேழு வயசுதான் இருக்கும். தோளில் ஒரு பை, நெஞ்சோடு அணைத்தபடி துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று.

"போன் பண்ணினது நான்தாங்க."

"வாங்க, உக்காருங்க. இந்த உடம்போட தனியாவா வந்தீங்க?"

வந்தவள் உட்கார்ந்தாள். சுவரோரம் தாங்கிகளில் நெட்டுக்குத்தாக நிறுத்தியிருந்த கண்ணாடிகளையும், கம்பளித் துணி விரித்த வெட்டு மேசையையும், மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் நனைத்து வைத்திருந்த கட்டரையும் ஒன்று விடாமல் பார்த்தாள். புது இடத்தைப் பார்க்கிற பார்வையாக அது இல்லை. யாரோ சொல்லிச் சொல்லிக் கேட்டதைச் சரிபார்க்கிற மாதிரி இருந்தது.

பிறகு துண்டோடு அதை மேசைமேல் வைத்தாள். "படம். பஸ்ல நெரிசல்ல விரிசல் விட்டுடுச்சு. வேற கண்ணாடி போட்டுத் தர முடியுமா?"

இதற்கா இவ்வளவு தூரம் வந்தாள் என்று பெரியவளுக்குப் பட்டது. ஆனாலும் தொழில் தொழில்தான். படத்தைக் குப்புற வைத்தபடியே துண்டை விலக்கினாள். கண்ணாடி உடைந்த சட்டத்தை எப்போதும் அப்படித்தான் வைத்துப் பிரிப்பது. பின்பக்க ஆணிகளை நெம்பி, அட்டையையும் படத்தையும் சேர்த்து எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, விரிசல் விட்ட கண்ணாடியைச் சட்டத்திலிருந்து வழுக்காமல் தூக்கினாள்.

நான்கு மூலைகளும் லேசாகத் தேய்த்து மழுக்கப்பட்டிருந்தன.

பெரியவள் விரலால் அந்த மூலைகளைத் தடவினாள். சட்டத்துக்குள் மறைந்துபோகிற மூலை அது, அதற்குப் போய் எந்தக் கடைக்காரனும் மெனக்கெட மாட்டான். அப்பா ஒருத்தர்தான் மெனக்கெடுவார். என்றைக்காவது ஒருநாள் யாராவது பிரிப்பார்கள், அவர்கள் கையைக் கிழிக்கக் கூடாது என்பார். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் முதலில் கற்றுக்கொடுத்த வேலை அதுதான்.

"இது எங்க கடையில வெட்டினதா?"

"இல்ல. அவரே வெட்டினது."

பெரியவள் படத்தைத் திருப்பினாள். கல்யாணப் படம். இந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில், கொஞ்சம் சதை போட்டு, மீசை வைத்து, கேமராவைப் பார்க்காமல் இவளையே பார்த்துக்கொண்டு நின்றான் சின்னவன்.

பெரியவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஒரு நிமிஷம், முழுசாக ஒரு நிமிஷம், அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கிடைத்துவிட்டான், கல்யாணம் ஆகிவிட்டது, பிள்ளை பிறக்கப் போகிறது.

"எங்க அவன்? வெளியில நிக்கிறானா? உள்ள வரப் பயமா அவனுக்கு?" ஷட்டர் பக்கம் இரண்டு எட்டு வைத்துவிட்டாள்.

"அக்கா," என்றாள் அந்தப் பெண். அந்த ஒரு வார்த்தையிலேயே பெரியவளுக்குக் கால் நின்றுபோனது.

"காய்ச்சல்னுதான் படுத்தார். மூளைக்கு ஏறிடுச்சுன்னாங்க. நாலு மாசம் ஆச்சு."

பெரியவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. பக்கத்து அறையில் அப்பா எதற்கோ விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது.

*

"அம்மா பேரையா வச்சுக்கிட்டான்?" என்று கேட்டாள் பெரியவள்.

"அப்பா பேர் போட்டுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டார், அம்மா பேருக்கு யாரும் தடை சொல்லலையேன்னு சொல்வார். எனக்கே எல்லாம் கொஞ்ச மாசத்துக்கு முன்னாலதான் சொன்னார். அதுவரைக்கும் யாரும் இல்லாதவர்னுதான் நினைச்சுட்டிருந்தேன்." அந்தப் பெண் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு பேசினாள். "டிவியில மழை சொல்றவர் வந்தா மட்டும் சத்தத்தைக் கூட்டுவார். ஏன்னு கேட்டா, எங்க ஆளுன்னு சொல்லிச் சிரிப்பார். அவருக்கு ரசிகர்னு நான் கேலி பண்ணுவேன்."

இந்த வீட்டிலும் அதே நேரத்துக்கு அதே சத்தத்தைக் கூட்டிக்கொண்டு ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தாரே என்று பெரியவளுக்குத் தோன்றியது. அதை நினைக்க நினைக்கத் தாங்கவில்லை.

"ஏன் ஒரு போன் பண்ணலை அவன்? எனக்காவது பண்ணியிருக்கலாமே. நான் என்ன பண்ணினேன் அவனுக்கு?"

"பண்ணினார்க்கா."

பெரியவள் நிமிர்ந்தாள்.

"குழந்தை உண்டாயிருக்குன்னு தெரிஞ்ச அன்னிக்குச் சாயங்காலம். என்னைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டுத்தான் பண்ணினார். மாமாதான் எடுத்தாங்க. எடுத்ததும், எங்க பேர்க்காரங்களா பேசறதுன்னு கேட்டாங்க. இவர் கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லலை. அப்புறம் மெதுவா, இல்லீங்க, எனக்கு அந்தப் பேர் இல்லீங்கன்னார். அப்போ லைனை விடுங்க, பேர்க்காரங்க கூப்பிடற நேரம்னு சொல்லி வச்சுட்டாங்க."

"நான்தான்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"நானும் அதையேதான் கேட்டேன். அந்தப் பேர் எனக்கு இருக்குன்னு பொய் சொல்லச் சொல்றியான்னு கேட்டார். கோபமா எல்லாம் சொல்லலை. அப்பா குரல் அப்படியே இருக்கு, நல்லா இருக்கார்னு சந்தோஷமாத்தான் சொன்னார். குழந்தை பொறந்ததும் தூக்கிட்டு நேர்லயே போயிடலாம், அப்போ எப்படி வெளியில அனுப்புவார் பார்க்கலாம்னார்." இப்போதுதான் அவளுக்குக் குரல் உடைந்தது. "அதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு."

பெரியவள் அவள் தலையைத் தன் இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். என்ன செய்கிறோம் என்று யோசித்துச் செய்யவில்லை. சின்னவன் சின்னப் பையனாக இருந்தபோது விழுந்து அடிபட்டு வந்தால் அப்படித்தான் பிடித்துக்கொள்வாள்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன்," என்றாள் அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "குழந்தைக்கு அவங்க வீட்டுப் பேர் வைக்கணும்னு அவருக்கு ரொம்ப ஆசை. ஆனா அப்பாகிட்ட கேக்காம வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தார். மாமாகிட்ட கேட்டுச் சொல்றீங்களா? முடியாதுன்னா நான் இப்படியே பஸ் ஏறிடறேன். யாருக்கும் தொந்தரவு இல்ல."

*

காபி எடுத்து வரச் சொல்லி அம்மா குரல் கொடுத்தாள். பெரியவள் வந்தவளை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னறை வாசலுக்கு வந்தபோது, மழை சொல்கிறவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து நெளிந்துகொண்டிருந்தார்.

"சார், போன்ல சொல்லிடலாம்னுதான் இருந்தேன். நீங்க இவ்வளவு ஆசையாப் பேசினதும் மனசு வரலை. நேர்ல சொல்றதுதான் மரியாதைன்னு வந்தேன். இது என் பேரே இல்ல சார்."

அப்பா புரியாமல் பார்த்தார்.

"என் பேர் நீளம். திரையில அடங்கலைன்னு, சேனல்ல இருந்தவங்க சுருக்கமா ஒரு பேர் வச்சாங்க. எங்கேயிருந்து எடுத்தாங்கன்னு எனக்கே தெரியாது. நல்லா இருக்கேன்னு நானும் விட்டுட்டேன். உங்களைப் பார்க்கத்தான் வெக்கமா இருக்கு. மன்னிச்சுக்குங்க."

அப்பா முகத்தில் ஈயாடவில்லை. சுவரில் நடுநாயகமாக மாட்டியிருந்த அவருடைய படத்தைத் திரும்பிப் பார்த்தார். அம்மா கதவருகில் நின்று, அடுத்து என்ன வெடிக்கப் போகிறதோ என்று கையைப் பிசைந்தாள்.

ஆனால் அப்பா வெடிக்கவில்லை. மெதுவாகச் சிரித்தார். எழுந்து போய் அந்த மனிதர் தோளில் கை வைத்தார்.

"அதனால என்ன? இத்தனை வருஷமா ஊர் பூராவும் பார்த்துட்டிருக்கு. ஒரு சின்னக் கெட்ட பேர் உண்டா? பொறந்தவன் வச்சிருக்கறதைவிட நீங்க நல்லா வச்சிருக்கீங்க. உங்ககிட்டயே இருக்கட்டும். யார் வந்து கேட்டாலும் நான் குடுத்தேன்னு சொல்லுங்க."

மழை சொல்கிறவர் கண் கலங்கிவிட்டார். பெரியவள் தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். அம்மா வந்து தட்டை வாங்கிக்கொண்டாள்.

பெற்ற பிள்ளைக்கு இல்லை என்று சொன்னதை, முன்பின் தெரியாத ஒருவருக்குத் தோளைத் தட்டிக் கொடுக்கிறாரே என்று பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்தியிருப்பாள். ஆனால் வீட்டுச் சாவை அந்நியர் முன்னால் போட்டு உடைக்க அவளுக்கு மனம் வரவில்லை. விருந்தாளி காபி குடிக்கிற வரைக்கும், பிஸ்கட்டைப் பாதி கடித்து வைக்கிற வரைக்கும், இரண்டு தடவை போய் வருகிறேன் என்று சொல்கிற வரைக்கும் சுவரில் சாய்ந்து நின்றாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

*

அப்பா அவரைக் காரில் ஏற்றிவிட்டுக் கடை வழியாகத் திரும்பி வந்தார். கடையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும், "இன்னிக்கு லீவும்மா. அவசர வேலையா?" என்றார்.

அந்தப் பெண் சிரமப்பட்டு எழுந்தாள். "மாமா," என்றாள்.

அப்பா பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

"உக்காருங்கப்பா," என்றாள் பெரியவள். அம்மாவையும் கூப்பிட்டாள். சுற்றி வளைக்கத் தெம்பில்லை. படத்தை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, யார், எங்கே, எப்போது என்று எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றைத் தவிர எல்லாவற்றையும்.

அப்பா படத்தைக் கிட்டே பிடித்துப் பார்த்தார், எட்ட வைத்துப் பார்த்தார். "மீசை வச்சிருக்கான்," என்றார்.

அம்மா அவர் கையிலிருந்து படத்தை வாங்கினாள். கண்ணாடி இல்லாத படம். அவன் கன்னத்தில் விரலை வைத்து, அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவள் அழுத சத்தத்தை எழுத எனக்கு வரவில்லை. பக்கத்துக் கடைக்காரர் ஷட்டர் வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார் என்று மட்டும் சொல்லலாம்.

வெகுநேரம் கழித்து அம்மா அந்தப் பெண்ணைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள். வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். "என் பேரையா சொல்லிக்கிட்டிருந்தான்? ஆபீஸ்ல, ஆஸ்பத்திரியில, எல்லா இடத்துலயும்?"

"எல்லா இடத்துலயும் அதுதான் அத்தை."

"இத்தனை வருஷமா என் பேரைச் சொல்லி அவனைக் கூப்பிட்டிருக்காங்க. எனக்குத் தெரியலையே." அம்மா அப்பாவைப் பார்த்தாள். "நீங்க பேர்க்காரங்களைத் தேடினப்போ, நான் என்ன நினைச்சேன் தெரியுமா? புத்தகம் எல்லாம் சும்மா, அவனைத்தான் தேடறார், வெளியில சொல்ல வெக்கப்படறார்னு நினைச்சேன். நீங்க போன் எடுக்கும்போதெல்லாம் கதவோரத்துல வந்து நிப்பேன். ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் அவனா இருக்கும்னு."

"அவனைத்தான் தேடினேன்," என்றார் அப்பா.

பெரியவள் திகைத்துப்போய் அவரைப் பார்த்தாள். இதைப் போய் இத்தனை வருஷமும் கிண்டல் செய்தோமே என்று பட்டது.

"அபூர்வமான பேராச்சே. அந்தப் பேர் எங்கெங்க இருக்குன்னு விசாரிச்சா, எங்கேயாவது ஒரு இடத்துல அவன் வந்து அகப்படுவான்னு நினைச்சேன். விசாரிக்கும்போது நீதிபதி வந்தார், கேப்டன் வந்தார். சரி, வந்தவங்களைச் சுவத்துல மாட்டினேன். அப்புறம் அதுவே பழகிப்போச்சு."

"நீங்கதானே அந்தப் பேர் போட்டுக்காதன்னு சொன்னீங்க? அப்புறம் அந்தப் பேர்ல தேடினா எப்படி அகப்படுவான்?"

அப்பா தலையை ஆட்டினார். "கேக்க மாட்டான்னு நினைச்சேன்டி. நான் சொன்னதை அவன் என்னிக்குக் கேட்டிருக்கான்? வண்டியை மெதுவா ஓட்டுன்னு சொன்னேன், கேட்டானா? இதை மட்டும் கேப்பான்னு நான் கண்டேனா?"

கொஞ்ச நேரம் போனதும் அந்தப் பெண் தான் கேட்க வந்ததைக் கேட்டாள். குழந்தைக்குப் பெயர் போடலாமா என்று, கடைக்கு வந்த வாடிக்கையாளர் விலை கேட்கிற பணிவோடு கேட்டாள்.

"போடு," என்றார் அப்பா. "போடும்மா. அது உன்னுது. நீ எதுக்கு என்கிட்ட கேக்கணும்?" சொல்லும்போதே அவருக்கு உதடு கோணிக்கொண்டு அழுகை வந்தது.

"வேண்டாம்," என்றாள் அம்மா.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். எதற்கும் வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லாதவள்.

"அவன் எடுத்துக்கிட்டது என் பேரு. அதைச் சுமந்துக்கிட்டுத்தான் செத்தான். அவன் பிள்ளைக்கும் அதுவே இருக்கட்டும். அவர் பேர் கொண்டாட ஊர்ல நிறையப் பேர் இருக்காங்க. இப்பகூட ஒருத்தர் வாங்கிட்டுப் போனாரே."

அப்பா அந்த அடியை வாங்கிக்கொண்டார். அந்தப் பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இன்னும் நாள் இருக்கு அத்தை," என்று மட்டும் சொன்னாள்.

பெரியவள் மேசைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். படத்துக்கு வேறு கண்ணாடி போட வேண்டும். கட்டரைக் கையில் எடுத்தாள். கோடு ஒரே இழுப்பில் விழ வேண்டும், இரண்டாம் தடவை இழுத்தால் கண்ணாடி தாறுமாறாக உடையும். கை நிலைக்கு வரட்டும் என்று காத்திருந்தாள்.

அப்போதுதான் அப்பா அவள் முதுகைப் பார்த்துக் கேட்டார். "எங்கெங்கேயோ இருந்து யார் யாரோ போன் பண்ணினாங்க. அவனுக்கு மட்டும் ஒரு தடவைகூட என்கிட்ட பேசணும்னு தோணலையாம்மா?"

அந்தப் பெண் சட்டென்று பெரியவளைப் பார்த்தாள். அவள் வாய் லேசாகத் திறந்தது. பெரியவள் கண்ணாலேயே அவளை நிறுத்தினாள். அப்பா கொஞ்ச நேரத்துக்குள் கிழவராகிப் போயிருந்தார். அவர்மேல் இருந்த கோபம் எல்லாம் அப்படியே இருந்தது. ஆனால் இதைச் சொன்னால் அவர் இனி எந்தப் போனையும் எடுக்க மாட்டார், எந்தச் சோற்றையும் தொட மாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

"தோணலை போலிருக்குப்பா," என்றாள். "பண்ணலை."

அப்பா தலையை அசைத்து அதை ஏற்றுக்கொண்டார். "பண்ணியிருந்தா வான்னு சொல்லியிருப்பேன்," என்றார்.

பெரியவள் திரும்பியபோது அம்மாவின் கண் அவள்மேலேயே இருந்தது. அப்பா எடுத்துப் பேசிய போன்களில், லைனை விடுங்க என்று சொல்லி அவர் வைத்தது உட்பட, அம்மா கதவோரம் நின்று கேட்காதது ஒன்றுகூடக் கிடையாது.